பிங்க்னியின் மனைவி கவலைக்கிடம்

1907-ஆம் வருஷம். எங்கள் மாநிலத்திலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு செனட்டரை அனுப்ப, சட்டசபை ஐம்பத்து மூன்று நாளாக முக்கிக்கொண்டிருந்தது. செனட்டர் ஆவதற்கு அப்போதெல்லாம் ஜனங்களின் ஓட்டு வேண்டாம். சட்டசபை உறுப்பினர்களைப் பிடித்தால் போதும். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட்டெடுப்பு. செம்புச் சுரங்க முதலாளி குரோலுக்கு நாற்பத்தைந்து. ரயில்வே முதலாளி பெல்டனுக்கும் அதே நாற்பத்தைந்து. விலைக்கு வரக்கூடியவர்கள் எல்லாரும் முதல் வாரமே வந்தாகிவிட்டது.

குரோலின் கையாள் டாயலுக்குத்தான் சோறு தண்ணி இறங்கவில்லை. முதலாளி ஜெயித்தால் அவனுக்குத் தலைநகரத் தபால் அதிபர் உத்தியோகம். தோற்றால் பழையபடி சுரங்கத்துக்குள் சம்மட்டி.

"அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் இன்னைக்கு மட்டும் சபைக்கு வராம இருந்தாப் போதும்யா," என்றார் குரோல்.

"வரமாட்டான்னு வச்சுக்குங்க முதலாளி."

டாயல் பொறுக்கியெடுத்தது பிங்க்னியை. ஆட்டுப் பண்ணைக்காரர், ஐம்பது வயது, பரம சாது. காலை எட்டு மணிக்கு, ஹோட்டலில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையில் தந்தி வந்தது. 'மனைவி கவலைக்கிடம். உடனே வரவும். டாக்டர்.'

அந்த டாக்டர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பொய்த் தந்திக்கு எங்கள் ஊரில் மூன்று வருஷம் ஜெயில்.

பிங்க்னி படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறுப்பினர்கள் ஒருவர் இருவரிடம் தனித்தனியே போய்க் கையைப் பிடித்து விடைபெற்றார். ஒன்பதரை ரயிலில் ஏறிவிட்டார். தூணுக்குப் பின்னால் நின்ற டாயலுக்கே பாவமாக இருந்தது. ஆனால் உத்தியோகம் உத்தியோகம்தானே.

பன்னிரண்டு மணிக்குக் குமாஸ்தா பெயர் பெயராகக் கூப்பிட, டாயல் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். குரோல் கட்சி ஜட்ஜ் ஹாட்லி எழுந்தார்.

"நான் இன்னைக்கு ஓட்டுப் போடல. பிங்க்னிக்கு ஜோடியா இருக்கேன்."

டாயல் எண்ணுவதை நிறுத்தினான். ஜோடி சேர்வது சபையில் பழைய வழக்கம். அவசரமாக ஊருக்குப் போகிறவர், எதிர்க்கட்சியில் ஒருவரை ஜோடி சேர்ப்பார். இவர் திரும்பும்வரை அவரும் ஓட்டுப் போட மாட்டார். ஓட்டை விற்பது எங்கள் ஊரில் வியாபாரம். ஜோடி வாக்கை மீறினால் மட்டும் மானம் போய்விடும்.

சரி, சமம்தானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பட்டியலின் கடைசியில் வான் ஹார்ன் எழுந்தார். அவரும் குரோல் கட்சிதான்.

"நானும் போடல. பிங்க்னிக்கு ஜோடி நான்."

ஹாட்லி திரும்பினார். "ஓய், அவனுக்கு ஜோடி நான்."

"எங்கிட்ட அழுதான் ஐயா. கையடிச்சு வாக்குக் குடுத்துட்டேன்."

"எங்கிட்டயும்தான் அழுதான். நீர் ஓட்டைப் போடும்."

"நீர் போடுமேன். பொண்டாட்டி சாகக் கிடக்கிறவனுக்குத் துரோகம் பண்ண நான் ஆளில்லை."

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை, தந்தியே பொய் என்று கத்த டாயலுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மூன்று வருஷத்தை நினைத்து விழுங்கிக்கொண்டான்.

நாற்பத்து நான்குக்கு நாற்பத்து மூன்று. பெல்டன் செனட்டர் ஆகிவிட்டார்.

சாயங்காலம் ஹோட்டல் அறையில் குரோல் குதித்தார். "ஒரே ஆளு எப்படிய்யா ரெண்டு பேரை ஜோடி சேர்ப்பான்?"

"பொண்டாட்டிக்கு ஆபத்துன்னதும் பதறிப்போய் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டிருப்பான் முதலாளி. வெள்ளந்தி மனுஷன்," என்றான் டாயல்.

காப்பி கொண்டுவந்த ஹோட்டல்காரர் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு, நம்ம பிங்க்னியா? அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்களே."