இறக்கைச் சீலை

எஞ்சின் இருமிக்கொண்டு பற்றியது.

மருதமுனைக் கடற்கரையே ஓவென்று கத்தியது.

தாழம்பற்றைக்குப் பின்னால் பெண்களோடு நின்ற சுல்பிகா மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எழும்பக் கூடாது, றப்பே. ஊரே கைகொட்டிச் சிரிக்கட்டும். எழும்ப மட்டும் கூடாது.

எந்தப் பெண்சாதியாவது புருஷனுக்கு இப்படித் துஆக் கேட்பாளா? கேட்பாள். ஜவுபர் மாதிரி ஒருத்தனைக் கட்டிக்கொண்டவள் அழுதழுது கேட்பாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவனுடைய கராஜை வாரிக்கொண்டு போனது. கூரைத் தகரங்கள் தலைக்கு மேலால் பறந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிசனுக்கு அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். ஊர் இளந்தாரிகளெல்லாம் பிளேன் ஏறிச் சவூதிக்குப் போய் உழைக்க, இவன் பிளேன் கட்டி உழைக்கப் போகிறானாம்! மூங்கில், சைக்கிள் சில்லு, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின். சுல்பிகாவின் சீதன வீட்டு வளவுக்குள், கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில், அது வருசக்கணக்காக வளர்ந்தது.

அவள் சண்டை பிடித்தாள். சோறு தின்னாமல் கிடந்தாள். பிள்ளை உண்டான பிறகு, அந்த வயிற்றில் அவன் கையை வைத்துச் சத்தியம் கேட்டாள். ஒன்றும் எடுபடவில்லை.

"ஒரு தரம் புள்ள. எழும்பாட்டி அண்டைக்கே கொத்தி அடுப்பில வைக்கிறன்" என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அவள் அழவில்லை. தறியில் போய்க் குந்தினாள். இறக்கைக்குச் சீலை நானே நெய்து தருகிறேன் என்றாள். ஜவுபருக்கு வாயெல்லாம் பல்.

இன்றைக்கு, புதுத் தோணி தள்ளும்போது ஓதுவதைப்போலவே பள்ளிவாசல் லெப்பை பாத்திஹா ஓதி முடித்திருந்தார். வாழைப்பழம் பங்கிட்டாயிற்று. ஏறுவதற்கு முன் ஜவுபர் பெண்கள் நின்ற பக்கம் வந்தான்.

"பயப்படாத. உன்ட சீலைதான் என்னத் தூக்கப் போகுது."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

பிளேன் ஈர மணலில் ஓடியது. குதித்தது, ஆடியது, இறக்கையை அடித்துக்கொண்டது. எழும்பவில்லை. தூரத்தில் ஏற்றி வைத்திருந்த தோணிகளுக்குக் கிட்டப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"ஜவுபர் காக்கா, அப்படியே கல்முனைச் சந்தைக்கு ஓட்டுங்க! மீன் வாங்கிட்டு வரலாம்!" என்று ஒருவன் கத்தினான். கடற்கரை சிரிப்பில் அதிர்ந்தது.

மாமி சபியா உம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றவளுக்கு மகனின் மானம் போகிற கவலை.

சுல்பிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ். வெட்கத்தில் தெருவில் தலைகாட்ட மாட்டான். காட்டாவிட்டால் போகட்டும், வீட்டுக்குள் இருப்பான். பிள்ளை பிறக்கும்போது வாப்பா என்று ஒரு ஆள் இருப்பான்.

ஜவுபர் இறங்கவில்லை. பிளேனைத் திருப்பினான். இம்முறை காற்றுக்கு முகம் கொடுத்து, எஞ்சினை அலறவிட்டுக்கொண்டு வந்தான்.

சில்லுகள் மணலை விட்டன.

சிரித்தவர்கள் வாயை மூட மறந்து நின்றார்கள். தாழம்பற்றைக்கு மேலால், பெண்களின் தலைக்கு மேலால் அது போனது.

அப்போதுதான் சுல்பிகா இறக்கையின் அடிப்பக்கத்தைக் கண்டாள்.

ஒரே பச்சை. தோணிக்குப் பூசுகிற தடித்த பெயின்ற். அதன்மேல், தோணிக்குப் பெயர் எழுதுவதைப்போல வெள்ளை எழுத்தில் அவளுடைய பெயர். நேற்று முழுக்க வீட்டுக்கு வராமல் தோணிக் கொட்டிலில் கிடந்து அவன் செய்த வேலை இதுதான்.

பெண்கள் குரவை போட்டார்கள்.

சுல்பிகா தாழம்பற்றையை விட்டு வெளியே வந்தாள்.

அவள் நெய்தது சீலையே அல்ல. குறுக்கு நூலில் பாதியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் கொடுத்த வலை. தறிக்காரியின் கண்ணுக்குப் படும், எஞ்சின்காரனின் கண்ணுக்குப் படாது. காற்றெல்லாம் ஓட்டைக்குள்ளால் போய்விடும், பிளேன் மண்ணிலேயே கிடக்கும், ஆள் மிஞ்சுவான் என்று நினைத்தாள். இப்போது அவன் ஆசையாசையாய்ப் பூசிய பெயின்ற் அத்தனை ஓட்டையையும் அடைத்துவிட்டது. அடைத்தது சரி, இல்லாத நூலுக்குப் பலம் எங்கேயிருந்து வரும்?

அவள் ஓடினாள். முக்காடு விழுந்தது. ஆம்பிளைகளைத் தள்ளிக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு ஓடினாள்.

"எறங்குங்க! அல்லாஹ்வுக்காக எறங்குங்க! சீலை தாங்காது!"

எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்கே அது கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். தொண்டை கிழியக் கத்திக் கத்தி ஆட்டினாள்.

சபியா உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாருங்க புள்ளையள், எங்கட மருமகள்ற சந்தோசத்த!"

பிளேன் கடலுக்கு மேலால் வளைந்து திரும்பியது. பச்சை இறக்கையில், அவளுடைய பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில், ஒரு கீற்று வானம் தெரிந்தது.

ஜவுபர் குனிந்து பார்த்தான். இத்தனை வருசமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெண்சாதி, ஊர் பார்க்க, முக்காடு விழுந்ததும் தெரியாமல் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றாள்.

அவனும் கையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, அவளுக்காக இன்னும் மேலே ஏற்றினான்.