லிண்டன்ஹோஃபர் மாமா

மூனிக் நகரத்தில் ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிற செண்பகவல்லிக்கு, மகள் தாரிகாவின் குடும்பப் பெயரில் அத்தனை பெருமை. லிண்டன்ஹோஃபர் என்ற பெயரோடு புகழ் பெற்றவர்களெல்லாம், இருப்பவர் போனவர் என்ற பேதமில்லாமல், சுவரில் மாட்டிய பேசும் பெட்டிக்குள்ளிருந்து அவரவர் குரலில் பிள்ளைக்குக் கதை சொல்வார்கள். நட்சத்திரம் ஆராய்ந்தவர் ஒருவர், மலையேறிய அம்மாள் ஒருத்தி.

அன்று சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் காதில் புதுக் குரல் ஒன்று தேனாய் விழுந்தது.

"யாருடி அது?"

"புது மாமாம்மா! அவரும் லிண்டன்ஹோஃபர்தானாம், நம்ம ஆளு. இன்னைக்குத்தான் ஊரெல்லாம் பேர் வாங்கினாராம்."

செண்பகவல்லி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பிள்ளைகளிடம் நைச்சியமாகப் பேசிக் கூட்டிப்போய்க் கொன்றவன் என்று காலையிலிருந்து செய்தியில் கேட்ட அதே குரல்.

"அவனை நிறுத்து!" என்று கத்தினாள்.

"புகழ் பெற்ற யாரையும் விலக்க வழியில்லை, அம்மா" என்றது பெட்டி, பணிவாக.

சுவரிலிருந்து அதைப் பிய்த்தெறிந்துவிட்டுப் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அந்த மாமா என்னடி சொன்னாரு, என் தங்கமே?"

ஒன்று விடாமல் அம்மாவிடம் ஒப்பிக்கிற பிள்ளை, முதல் தடவையாக இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.