வெளியூர்

மூன்றாவது ஹோட்டலிலும் ரூம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வாசலில் 'அறைகள் உள்ளன' என்ற பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கவுன்டரில் இருந்தவன் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு இருவர் முகத்தையும் பார்த்தான். அதற்கப்புறம்தான் ரூம் இல்லாமல் போயிற்று.

முதல் ஹோட்டல், வாடகையைச் சொன்னதுமே வாயடைக்க வைத்துவிட்டது. இரண்டாவதில் மலிவுதான். ஆனால் படி ஏறும்போதே ஒரு புழுங்கல் வாடை மூக்கைத் துளைத்தது. அவள் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டாள்.

ரூமும் நல்லதாக இருக்க வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது என்றால் இவ்வளவு பெரிய நகரத்தில் எங்கே போய்த் தேடுவது என்று அவன் அலுத்துக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்டின் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பான். சத்தம் சரியில்லை என்றால் முகம் சுருங்கிவிடும்.

அவளுக்கு அலுப்பே இல்லை.

மதிய வெயிலில் தெரு முழுவதும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல மெல்ல அசைந்தது. கடைக் கண்ணாடிகளில் இருவரும் தெரிந்தார்கள், மறைந்தார்கள், மறுபடி தெரிந்தார்கள். ஒரு கடை முன்னால் நின்று, வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு நாற்காலியை நெடுநேரம் பார்த்தாள். யாரும் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தேடிக்கொண்டே இருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

தெருவைக் கடக்கும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். கடந்த பிறகும் விடவில்லை.

நான்காவது ஹோட்டல், மருந்துக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே ஒடுங்கி நின்றது. கவுன்டரில் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அட்டையை வாங்கியதும் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். முகவரியைப் படித்தாள். நிதானமாக இன்னொரு முறையும் படித்தாள்.

அவன் பக்கத்தில் அவள், ஆணியில் தொங்கிய சாவிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மாள் எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டாள். அவன் இரண்டு நாள் என்றான். அம்மாள் வாடகையைச் சொன்னாள். அவன் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் அவளே கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

"பின்பக்க ரூம் தர்றேன். யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க."

வெள்ளை விரிப்பு. ஒரே ஒரு ஜன்னல். பச்சைத் திரை வழியாக வந்த வெளிச்சத்தில் அறை ஓர் இலையின் உட்புறம்போல இருந்தது.

அவன் தாழ்ப்பாளைப் போட்டான். அந்தச் சத்தத்தை இருவரும் அசையாமல் நின்று கேட்டார்கள்.

வீட்டில் இரண்டு அறைக்கு ஏழு பேர். இவர்களுடைய பாய்க்கும் நாத்தனார் கட்டிலுக்கும் நடுவே பீரோவின் முதுகு மட்டும்தான் சுவர். ஆசையும் கண் ஜாடைதான், சண்டையும் கண் ஜாடைதான். சத்தமில்லாத சண்டை முடிவதே இல்லை. ஈரத்துணியை மடித்து வைத்ததுபோல உள்ளே கிடந்து நாறும். போன மாதம் அவள் அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று சொல்லி, பெட்டியையும் எடுத்துவிட்டாள். மறுநாள் அவன் வேலையிலிருந்து வந்து, இரண்டே இரண்டு நாள் எங்காவது போய்விட்டு வரலாம், அப்புறம் உன் இஷ்டம் என்றான்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

முழுக் குரல். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இருவருக்குமே தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல், நிறுத்தவும் தெரியாமல்.

அப்போதுதான் போன் அடித்தது. அத்தை, அவனுடைய அம்மா.

போய்ச் சேர்ந்துவிட்டீர்களா, பிரயாணம் சௌகரியமாக இருந்ததா, கல்யாண வீட்டில் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா என்று அத்தை விசாரித்தாள். அவளும் கூசாமல் சொல்லிக்கொண்டே போனாள். விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிட்டோம், மண்டபம் பெரியது, இந்த ஊரில் குளிர் அதிகம். அவன் கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"இரும்மா, ரயில் போகட்டும்" என்றாள் அத்தை.

வீட்டுக்குப் பின்னால் போகும் ரயில். அது ஊதுவதும், அலமாரியில் தட்டுகள் கடகடவென்று ஆடுவதும் போனில் கேட்டன. இருவரும் பேசாமல் காத்திருந்தார்கள். சத்தம் தேய்ந்தது.

பிறகு ஹோட்டல் ஜன்னல் நடுங்கத் தொடங்கியது.

அதே ரயில். பாலத்தைத் தாண்டி, ஒரு வளைவு திரும்பினால் இந்தத் தெருதான். அதே ஊதல் திரையைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தது. அவள் போனைக் கையால் பொத்தினாள். அதற்குள் ரயில் முழுசாக உள்ளே வந்துவிட்டது.

அவன் எழுந்து நின்றான்.

ரயில் போன பிறகும் போனில் பேச்சே இல்லை. தொடர்பு விட்டுப்போயிற்றோ என்று நினைத்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தை, தன் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அசடே, கல்யாணம் நாலு நாள்னு சொல்லியிருக்கக் கூடாதா?"