சிவப்புப் பொட்டு

காஸ்பர் நகரத் துப்பாக்கிக் கடையில் காலை வெயில் கண்ணாடி மேசைமேல் சாய்ந்து விழுகிறது. ஷெரிப் ஆபீஸ் கழித்துவிட்ட பழைய பிஸ்டல்கள் பச்சை விரிப்பில் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்று மட்டும், சட்டையில் டக்கர் என்று பெயர் தைத்த எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியின் கையில். அதன் குழல் நுனியில் மிளகளவு சிவப்பு நகப்பூச்சு. பார்த்ததும், துப்பாக்கி வாங்க வந்து பக்கத்தில் நிற்கும் மார்வா ஒரு அடி நெருங்குகிறாள். அந்த ஷெரிப் ஆபீஸில் ரோந்துப் போலீஸாக இருந்தபோது, குறிபார்க்கையில் முனை பளிச்சென்று தெரியட்டும் என்று அவளே வைத்த பொட்டு அது. அடுத்தவர் கையிலிருக்கும் துப்பாக்கியை, அவர் கீழே வைக்கும்வரை கேட்கக் கூடாது; இந்தக் கடைகளில் அது எழுதாத சட்டம். டக்கர் "எடுத்துக்கிறேன்" என்றுவிட்டால் போச்சு.

டக்கர் அவள் பக்கம் திரும்புகிறான். "கையிலிருக்கிற இது நாற்பது காலிபர், அது ஒன்பது எம்.எம். எதை எடுக்கலாம், மேடம்?"

"ஒன்பதையே எடு தம்பி. தோட்டா விலை கம்மி, உள்ளே ரெண்டு கூடவே கொள்ளும். சுட்டதும் நாற்பது உதைக்கிற உதையில கழுதை தோத்துப்போகும்."

அவன் இறக்குகிறான், மறுபடி தூக்கிப் பார்க்கிறான். மார்வாவின் விரல்கள் கைப்பை வாரை முறுக்குகின்றன. கடைசியில் பிஸ்டல் விரிப்பைத் தொடுகிறது. தொட்டதுதான் தாமதம், அவள் கை அதன்மேல் இருக்கிறது. தேய்ந்த பிடி உள்ளங்கையில் அச்சாகப் பொருந்துகிறது.

"என்ன மேடம், கழுதையா உதைக்கும்னீங்க?"

"பொய்யா சொன்னேன்? பன்னெண்டு வருஷம் இதுகிட்டதானே உதை வாங்கினேன்!"