காத்திருப்பின் சராசரி

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடமாகச் செங்கமலம் அரசு மருத்துவமனை வராந்தாவில் மூச்சிரைக்கும் கணவரின் நெஞ்சைத் தடவிவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். அங்கே சீட்டு எழுதும் ரோஸ்லின் அந்த மாதம்தான் நோயாளிகளின் வரிசையை மாற்றியிருந்தாள். டாக்டருக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும் சளி, சிரங்கெல்லாம் முதலில். நேரம் இழுக்கும் நோயாளிகள் கடைசியில். அப்படி அனுப்பினால் சராசரிக் காத்திருப்பு குறையும் என்பது அவள் படித்த கணிதம். குறையவும் செய்தது. சளிக்காரர்கள் வந்துகொண்டே இருந்ததால் பெரியவரின் முறை மட்டும் வரவில்லை.

"சிரங்கு வந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பேன்" என்று மூச்சிரைப்புக்கு நடுவே அவர் ஒருமுறை சிரித்தார்.

இரண்டு மணிக்கு டாக்டர் எழுந்துவிட்டார். "சராசரி பதினொரு நிமிஷம்தான். நீ கலக்கிட்டேம்மா! மிச்சம் இருக்கறவங்கள நாளைக்கு வரச் சொல்லிடு" என்று ரோஸ்லினிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பெரியவரின் தலை மனைவியின் தோளில் சரிந்திருந்தது. மூச்சிரைப்பு கேட்கவில்லை. செங்கமலம் ரோஸ்லினின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க காலையிலேருந்து காத்துக் கெடந்தத எவ்வளவுன்னு எழுதியிருக்கே, கண்ணு?"

ரோஸ்லின் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"டாக்டரைப் பார்த்தவங்கள மட்டும்தாம்மா எழுதுவோம்."