பின்சக்கரத்து அவசரம்

"ஓடிட்டாடி உன் பொண்ணு! ஆர்மோனியக்காரனோட ஓடிட்டா!"

எத்திராஜ் போட்ட கூச்சலில் கல்யாணப் பந்தலுக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே கையை நிறுத்திவிட்டார்கள். மேனாம்பேட்டில் அதுவரை யாரும் போடாத பெரிய பந்தல். மறுநாள் காலை முகூர்த்தம். மணப்பெண் வரலட்சுமியின் பாய் மட்டும் காலியாகக் கிடந்தது.

மனைவி பொன்னம்மாள் தயிர்ப் பானையில் மத்தைப் போட்டுக் கடைய ஆரம்பித்தாள். மாப்பிள்ளை திருவள்ளூர் மிராசுதார். அவருக்கு இது மூன்றாம் தாரம். மூத்த பேரன் பள்ளிக்கூடம் போகிறான். பெண் அழுதாள், பொன்னம்மாள் சண்டை போட்டாள், எத்திராஜ் காதில் வாங்கவே இல்லை.

ஆர்மோனியக்காரன்தான் என்று அவர் முடிவு கட்டியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. ஆவடி நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசிக்கிற வரதனைப் பார்த்துப் போன வாரம் மகள் சிரித்தாள். அது போதாதா?

"திருத்தணிக்குத்தான் இட்டுகினு போயிருப்பான். மலைமேல தாலி கட்டிடுவான். எட்றா வண்டிய!"

எங்கே எடுப்பது? கப்பலேறிப் போன ஒரு துரையிடம் வாங்கிய கார், பின்சக்கரத்தில் ஒரு போல்ட்டு முறிந்துபோய் மாட்டுக் கொட்டகையை ஒட்டி நின்றது. கல்யாணத்துக்குள் சரி பண்ண வேண்டுமென்று பூந்தமல்லி பஸ் கம்பெனி பிட்டர் செங்கல்வராயனிடம் முந்தாநாளே சொல்லியிருந்தார். நல்ல வேளை, சொன்னபடி அவன் சைக்கிளில் வந்து இறங்கினான், மடியில் புது போல்ட்டோடு.

"எவ்ளோ நேரம்டா ஆவும்?"

"நீங்களும் ஒரு கை குடுத்தா சுருக்கா ஆய்டும் மொதலாளி. உங்க அவசரம் என் அவசரம் இல்லியா?"

எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார். கையில் கரி படாமல் வளர்ந்த மனுஷன், ஜாக்கியைத் தானே சுற்றினார். செங்கல்வராயன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றி, முறிந்த துண்டைச் சுத்தியால் தட்டினான். அது அசைந்து கொடுக்கவில்லை.

"இப்டித் தடவிக் குடுத்தா வருமா? தள்ளு!" சுத்தியைப் பிடுங்கிக்கொண்டார் எத்திராஜ். "இது ஆர்மோனியக்காரன் மண்டை!" ஓங்கி ஒரு போடு. "இது அவன் வெரலு!" இன்னொரு போடு.

துண்டு 'டங்'கென்று தெறித்துத் தவிட்டுத் தொட்டிக்குள் விழுந்தது. பசு மிரண்டு கத்தியது. எத்திராஜுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு முறைத்துக்கொண்டார்.

புது போல்ட்டைப் பின்பக்கமாகச் சொருகி, டிரம்மை மாட்டி, வாஷரும் நட்டும் போட்டு முடுக்கினால் போல்ட்டு தானாக இழுபட்டு உட்காரும். அப்போது டிரம் சுற்றாமல் இருக்க ஒரு ஆள் பிரேக்கை மிதிக்க வேண்டும். எத்திராஜ் முன்சீட்டில் ஏறி மிதித்தார். பின்னால் கல்யாண ஜமுக்காளங்கள் குவிந்து கிடந்தன. காரா இது, குப்பை வண்டியா என்று அதற்கும் ஒரு திட்டு.

பொன்னம்மாள் மோர் கொண்டுவந்தாள். புருஷனுக்கு ஒரு டம்ளர், செங்கல்வராயனுக்கு ஒரு டம்ளர். இன்னொன்றைப் பின்சீட்டில் வைத்தாள்.

"அது யாருக்கு?"

"இருக்கட்டும். வெயில் இன்னாமா கீது!"

"மரை புடிச்சிக்கிச்சு! நல்லா மிதிங்க மொதலாளி!" என்று கத்தினான் செங்கல்வராயன்.

மிதித்தபடியே பொரிந்து தள்ளினார் எத்திராஜ். "ஆர்மோனியம் சோறு போடுமாடா? உன்ன மாதிரி கைத்தொழில் தெரிஞ்ச ஒருத்தனோட போயிருந்தாக்கூட எம் மனசு ஆறியிருக்கும்!"

முடுக்குகிற சத்தம் சட்டென்று நின்றது.

"நெஜமாவா மொதலாளி?"

"பேச்சு இன்னா பேச்சு? முடுக்குடா!"

முடுக்கினான். என்ன முடுக்கு! ஸ்பானர் வளைந்துவிடும் போலிருந்தது. போல்ட்டு உட்கார்ந்தது, சக்கரம் ஏறியது, ஜாக்கி இறங்கியது. தொண்டை வறண்டு எத்திராஜ் பின்சீட்டு மோருக்குக் கையை நீட்டினார். டம்ளர் காலி. இதையும் இவன்தான் குடித்துத் தொலைத்தான் போலிருக்கிறது என்று நினைத்தபடி கீழே இறங்கினார்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்றேன். நட்டு நின்னாத்தானே தூரம் தாங்கும்?" என்றான் செங்கல்வராயன்.

"சுருக்கா வா. நான் சட்டைய மாட்டிகினு நிக்கிறேன்."

எத்திராஜ் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்த கோலத்தில் வாசலுக்கு ஓடி வந்தபோது கார் பந்தலைத் தாண்டி ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. திருத்தணிக்குப் போகிற ஆவடிப் பக்கம் திரும்பவில்லை. பூந்தமல்லிப் பக்கம் திரும்பியது. திரும்புகிறபோது பின்சீட்டு ஜமுக்காளம் எழுந்து உட்கார்ந்தது. அதிலிருந்து கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, பந்தல்காரர்களைப் பார்த்து ஆடியது.

"போய்ட்டு வர்றோம், மாமா!" செங்கல்வராயனின் குரல் புழுதியோடு வந்து விழுந்தது.

பந்தல் மேலிருந்து எவனோ சீட்டியடித்தான். எத்திராஜ் மெல்லத் திரும்பினார்.

"பொன்னம்மா... அவதான் காலையிலேயே ஓடிப்போய்ட்டாளே!"

பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது நீங்க சொன்னது. அவ இப்பத்தான் போறா."