வரேன்

தவமணியின் வீட்டுச் சன்னல், வீட்டில் பேசுவதைக் கேட்டு அதற்கேற்ற காட்சியைக் காட்டும். பதினோரு மாதமாக அது ஒரே காட்சியைத்தான் காட்டியது: சாயங்காலத் தூறல், ஆளில்லாத சாலை, அதில் எரியும் ஒற்றைத் தெருவிளக்கு.

பழுது பார்க்க வந்த இன்பராஜ் பழைய பதிவுகளைத் துழாவினான். "யாரோ 'வரேன்'னு சொல்லியிருக்காங்கம்மா. அவங்க வருவாங்கன்னு சன்னல் காத்துக்கிட்டு இருக்கு."

"எம்பொண்ணு சொன்னது. செவ்வாய்க்குக் கிளம்புன அன்னிக்கு."

இன்பராஜ் நிமிர்ந்து பார்த்தான். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் விண்கப்பல் எதுவும் திரும்பி வருவதில்லை.

"கிளம்புறப்ப எல்லாரும் சொல்றதுதான். மிஷினுக்கு அது புரியல. அழிச்சிடவாம்மா?"

"வேண்டாம்ப்பா. எனக்குத் துணையா அதுவும் காத்திருக்கட்டும்."

அவன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வழக்கமான வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, "போறேம்மா" என்றான்.

தவமணிக்குச் சுருக்கென்றது. "அப்படிச் சொல்லக் கூடாது. வரேன்னு சொல்லிட்டுப் போ."

அவன் தயங்கினான். "வரேம்மா."

அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, அந்தக் காலிச் சாலையில் இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.